நான்காம் துளையின் சுதி ஏன் ஏறவில்லை: ஒரு மவுத் ஆர்கனைத் திறந்து பார்த்த ஆய்வு

கருவியும் புகாரும்

பத்துத் துளை கொண்ட சி சுதி மவுத் ஆர்கன். பிளாஸ்டிக் கோம்ப் (காற்று அறைகள் உள்ள நடுச்சட்டம்), பித்தளை ரீட்கள் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடுகள்), அவற்றைத் தாங்கும், திருகாணி போட்டு இறுக்கிய ரீட் பிளேட்டுகள். உரிமையாளர் என்னோடு சேர்ந்து வாசிக்கும் நண்பர். பல வருடமாக இதையேதான் வாசிக்கிறார். கருவி பெட்டிக்குள் இருந்த நேரத்தைவிட அவருடைய சட்டைப்பையில் இருந்த நேரம் அதிகம். கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள அழுக்கு சேர்ந்துடுச்சு, கழுவிக் கொடுங்க."

அவரை உட்காரவைத்து ஒவ்வொரு துளையாக வாசிக்கச் சொன்னதும் அந்த ஒரு புகார் நாலாகப் பிரிந்தது. மூன்றாம் துளையை இழுத்தால், அதாவது மூச்சை உள்ளே இழுத்து வாசித்தால், ஒரு கிர்ர்ர் சத்தம். நான்காம் துளையை இழுத்தால் சுதி இறங்கி, குரலும் மெலிந்து கேட்கிறது. ஐந்தாம் துளையை ஊதினால் முதலில் நன்றாக வருகிறது, கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்கிறது, அப்புறம் தானாகவே திறக்கிறது. ஆறாம் துளையை ஊதினாலும் சுதி குறைவு. அவரைப் பொறுத்தவரை நாலுக்கும் காரணம் அழுக்குதான். மவுத் ஆர்கன் வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எதையும் கண்டுபிடிக்காமல் கழுவ ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழுவிவிட்டால் தடயமும் தண்ணீரோடு போய்விடும், எது எதனால் வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. இந்த ஆய்வை எழுதக் காரணமும் அதுதான்.

திறக்கும் முன் எடுத்த அளவுகள்

பத்துத் துளைக்கும் ஊதும் சுதி, இழுக்கும் சுதி இரண்டையும் டியூனர் செயலியில் அளந்து தாளில் எழுதினோம். மெதுவாக ஊதி அளப்பது முக்கியம். மூச்சை அழுத்திக் கொடுத்தால் நல்ல ரீட்கூடச் சுதி இறங்கித்தான் காட்டும்.

டியூனர் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. தயாரிப்பாளர்கள் பலர் தொழிற்சாலையிலேயே 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 442, 443 என்று சற்று மேலே வைத்துத்தான் சுதி சேர்க்கிறார்கள். சேர்த்து ஊதும்போது கூட்டுச்சுதி இனிமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சில துளைகளை வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கி வைப்பதும் உண்டு. இரண்டு, ஐந்து, எட்டாம் துளைகளை ஊதும்போது வரும் ஈ ஸ்வரம் அப்படிப்பட்டது. அதனால் ஒரு துளை டியூனரில் குறைவாகக் காட்டினாலே அது பழுது என்று ஆகிவிடாது.

நம்பத் தகுந்த ஒப்பீடு கருவிக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் துளையை இழுத்தால் டி. ஒன்றையும் எட்டையும் இழுத்தாலும் டி-தான், ஸ்தாயி மட்டும் வேறு. ஆறாம் துளையை ஊதினால் ஜி. மூன்றையும் ஒன்பதையும் ஊதினாலும் ஜி. தொழிற்சாலையில் இவை ஒன்றோடொன்று பொருந்தும்படிதான் சேர்க்கப்பட்டிருக்கும். இந்தக் கருவியில் ஒன்றாம், எட்டாம் துளைகளின் டி இரண்டும் சரியாக இருக்க, நான்காம் துளையின் டி அவற்றைவிட 24 சென்ட் கீழே இருந்தது. ஓர் அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்பதால் இது கிட்டத்தட்ட அதில் கால்வாசி. காதுக்குத் தெளிவாகவே தெரியும். ஆறாம் துளையின் ஜி தன் ஜோடிகளைவிட 14 சென்ட் கீழே இருந்தது.

ஆக, சுதி இறங்கிய ரீட்கள் இரண்டு. காரணமும் ஒன்றுதானா?

சுதி இறங்குவதற்கு இரண்டு வழி

ரீட் என்பது ஒரு முனை ரிவெட்டால் பிளேட்டோடு பிணைக்கப்பட்டு, மறுமுனை சும்மா விடப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு. மேசை விளிம்பில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டினால் அதிர்வது போலத்தான் இதுவும் அதிர்கிறது. அதிர்வின் வேகத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நுனிப் பக்கம் எவ்வளவு கனம், அடிப் பக்கம் எவ்வளவு விறைப்பு.

எச்சில் காய்ந்த படிவு நுனியில் ஒட்டினால் கனம் கூடுகிறது, அதிர்வு மெதுவாகிறது, சுதி இறங்குகிறது. ரீட்டே மிகச் சிறியது என்பதால் இதற்கு ஒரு மில்லிகிராமில் சின்னப் பங்கு படிவு போதும். ரிவெட்டுக்குப் பக்கத்தில் உலோகம் களைத்து மயிரிழை விரிசல் விட்டால் விறைப்பு குறைகிறது. அப்போதும் சுதி இறங்கத்தான் செய்யும். வெளியே கேட்பது இரண்டிலும் ஒன்றே. முதலாவது கழுவினால் தீரும். இரண்டாவதை எவ்வளவு கழுவினாலும் தீராது, நாளாக ஆக இன்னும் இறங்கி ஒருநாள் ரீட் உடைந்தே போகும்.

எந்த ரீட் எந்த வழியில் கெட்டிருக்கும் என்பதைத் திறக்கும் முன்பே ஓரளவு ஊகிக்கலாம். இந்த வகைக் கருவியில் இருபது ரீட்கள் உண்டு. ஊதும் ரீட்கள் பத்தும் மேல் பிளேட்டின் உட்பக்கம், அதாவது வாயிலிருந்து காற்று நேராக வந்து சேரும் அறைக்குள் இருக்கின்றன. இழுக்கும் ரீட்கள் பத்தும் கீழ் பிளேட்டின் வெளிப்பக்கம், மூடித் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே எச்சிலும் உணவுத் துணுக்கும் முதலில் போய்ச் சேருவது ஊதும் ரீட்களிடம். சட்டைப்பையின் நூல், தூசி போன்றவை மூடியின் பின்பக்கத் திறப்பு வழியாக நுழைந்து இழுக்கும் ரீட்களில் மாட்டிக்கொள்கின்றன. இதை வைத்துப் பார்த்தால் ஆறாம் துளையின் ஊதும் ரீட்டில் படிவு, மூன்றாம் துளையின் இழுக்கும் ரீட்டில் நூல் என்று எதிர்பார்க்கலாம்.

நான்காம் துளையின் இழுக்கும் ரீட்டில்தான் எனக்குச் சந்தேகம் வேறு மாதிரி இருந்தது. சி கருவியை ஜி சுதிக்கு வாசிக்கும் 'கிராஸ் ஹார்ப்' முறையில், ஜி-க்குப் பஞ்சமமான டி அந்தத் துளையில்தான் இருக்கிறது. வாசிப்பவர் அதிலேயே அதிகம் நிற்பார், அழுத்தி இழுத்து அதைப் பெண்ட் செய்வார், அதாவது சுதியை வேண்டுமென்றே கீழே வளைப்பார். பெண்ட் செய்யும்போது மேலே உள்ள ஊதும் ரீட்டும் சேர்ந்து அதிர்கிறது, இழுக்கும் ரீட் தன் இயல்பான சுதிக்குக் கீழே இழுபடுகிறது. அடிப் பகுதிக்கு வேலை அதிகம். முதலில் போகும் ரீட்களில் நான்காம், ஐந்தாம் துளைகளின் இழுக்கும் ரீட்கள் அடிக்கடி இடம்பெறுவது பழுதுபார்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். என் நண்பரும் பலமாக வாசிப்பவர்.

உள்ளே இருந்தது

மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். திருகாணிகளை வந்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கினோம். திருப்புளி திருகாணித் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இந்தச் சின்னத் தலைகள் ஒருமுறை மழுங்கினால் பிறகு கழற்றுவதே பெரும்பாடு.

மூன்றாம் துளையின் இழுக்கும் ரீட்டுக்கும் அதன் பள்ளத்துக்கும் (ரீட் அசைய பிளேட்டில் ஊடுருவ வெட்டிய நீள் துளை) நடுவே ஒரு நீல நூல். சந்தேகமே இல்லாமல் சட்டைப்பையிலிருந்து வந்தது. ரீட்டுக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதில் நூல் நுழைந்தால் ரீட் ஒவ்வொரு அசைவிலும் அதைத் தொட்டுத்தான் போகும். அந்தக் கிர்ர்ர் அதுதான். பிளேட்டை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் இந்த மாதிரிக் குறைகள் நன்றாகத் தெரியும். நல்ல ரீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மெல்லிய ஒளிக்கோடு சீராக ஓடும். ஒரு பக்கம் கோடு மறைந்திருந்தால் அங்கே ஏதோ மாட்டியிருக்கிறது, இல்லையென்றால் ரீட் சாய்ந்திருக்கிறது.

ஆறாம் துளையின் ஊதும் ரீட்டில் நுனியை ஒட்டி மஞ்சளும் சாம்பலும் கலந்த படிவு. எதிர்பார்த்ததுதான். கோம்பின் அறைச் சுவர்களிலும் அதே படிவு திட்டுத் திட்டாக இருந்தது. பிளேட்டின் ஓரங்களில் அங்கங்கே பச்சைக் களிம்பு.

ஐந்தாம் துளையின் ஊதும் ரீட்டில் எதுவுமே இல்லை. படிவும் இல்லை, நூலும் இல்லை, ஒளிக்கோடு சீராக இருந்தது, இடைவெளியும் சரி. அப்படியானால் அடைப்பு எதனால்? நாம் விடும் மூச்சு வெதுவெதுப்பானது, நீராவி நிறைந்தது. அது குளிர்ந்த பித்தளையில் பட்டதும் துளித்துளியாகப் படிகிறது. ஒரு துளி ரீட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நின்றால் ரீட் அசையாது. உலோகம் சூடேறி ஈரம் விலகியதும் தானாகவே திறந்துகொள்ளும். தலையைக் குனிந்து வாசிப்பவர்களுக்கு இதோடு எச்சிலும் நேராக உள்ளே இறங்கும். நண்பர் குனிந்து வாசிப்பவர். இந்தப் புகாருக்குக் கழுவுதல் மருந்தே இல்லை. வாசிக்கும் முன் கருவியைச் சில நிமிடம் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்ற வேண்டும், தலையை நிமிர்த்த வேண்டும், நடுநடுவே துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை உதிர்க்க வேண்டும்.

நான்காம் துளையின் இழுக்கும் ரீட் வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதும் அந்தக் கட்டத்தில் என்னால் விரிசல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரிவெட்டை ஒட்டி லேசான கறை இருந்தது, அது களிம்பாகவும் இருக்கலாம். கழுவிய பிறகுதான் தீர்ப்பு என்று விட்டுவிட்டோம்.

கழுவிய விதம்

கோம்ப் பிளாஸ்டிக் என்பதால் அதில் கவலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல் பிரஷ். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பிளேட்டுகள் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த கலவையில் சில நிமிடம் வைத்தோம். களிம்பு இளகிவிடும். ஆனால் இதில் மறந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. அமிலம் களிம்போடு நிற்காது, பித்தளையையும் அரிக்க ஆரம்பிக்கும். அதனால் வெளியே எடுத்ததும் நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. உப்புநீரில் அலசினால் அது காயும்போது ரீட்டின் மேல் வெள்ளைப் படலம் விடும். ஒரு படிவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாகிவிடும்.

பிரஷ் ஓட்டும் திசையை எத்தனை முறை சொன்னாலும் தகும்: ரிவெட்டிலிருந்து நுனியை நோக்கி மட்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் பிரஷின் இழை நுனிக்கு அடியில் புகுந்து ரீட்டைத் தூக்கிவிடும். குறுக்கே ஓட்டினால் ரீட் பக்கவாட்டில் சாய்ந்து பள்ளத்தில் உரசும். ஊசி, குண்டூசி, பிளேடு இவற்றால் படிவைச் சுரண்டவே கூடாது. ரீட்டில் விழும் சிறு கீறல்கூட நாளைக்கு விரிசல் தொடங்கும் இடம். இறுகிய படிவுக்கு இன்னொரு முறை ஊறவைப்பதுதான் வழி. மூன்றாம் துளையின் நூலை எடுக்க ரீட்டுக்கு அடியில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை நுழைத்து மெதுவாக இழுத்தோம், வந்துவிட்டது.

எண்ணெய் எதுவும் வேண்டாம். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கும் ஸ்பிரே வகைகளை இதில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பசை தூசியைப் பிடித்துவைக்கும், அதோடு அந்தத் துளை வழியாக நாம் மூச்சை உள்ளே இழுக்கிறோம். பித்தளை மினுக்கும் பசையும் அப்படித்தான், அதன் துகள்கள் பள்ளங்களில் தங்கிவிடும். காயவைக்க ஹேர் டிரையர் சூடு வேண்டாம், டிஷ்யூ காகிதமும் வேண்டாம், அது நார் விடும். பஞ்சு உதிராத துணியில் ஒற்றி எடுத்துக் காற்றில் விட்டாலே போதும்.

திரும்பப் பூட்டும்போது பிளேட் திருகாணிகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போய், முதலில் தளர்வாக, அப்புறம் இன்னொரு சுற்றில் இறுக்கமாகப் போட்டோம். ஒரு ஓரத்தை முதலிலேயே முறுக்கிவிட்டால் பிளேட் லேசாக எழும்பிக்கொள்ளும், காற்று கசியும். இந்தக் கருவியின் வலது ஓரத் திருகாணி முன்பே தளர்ந்திருந்தது. அதைச் சரியாக இறுக்கியதும் ஒன்பது, பத்தாம் துளைகள் முன்னைவிட எளிதாக ஒலித்தன. புகார் பட்டியலில் இல்லாத லாபம்.

மறு அளவு

மூன்றாம் துளையில் கிர்ர்ர் இல்லை. ஆறாம் துளையின் ஜி தன் ஜோடிகளுக்கு ஒரு சென்ட் அருகில் வந்துவிட்டது. 14 சென்ட் கீழே இருந்தது வெறும் படிவால்தான்.

நான்காம் துளையின் டி 25 சென்ட் கீழே. கழுவும் முன் 24. அதாவது எதுவும் மாறவில்லை.

இதே கருவியை நேராகக் கழுவியிருந்தால், நாலு புகாரில் இரண்டு தீர்ந்தது, ஒன்று தானாக வந்து போகிறது, ஒன்று மட்டும் இன்னும் அழுக்காக இருக்கிறது என்று தோன்றியிருக்கும். மறுபடி ஊறவைத்திருப்பார்கள், இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பார்கள். களைத்துப்போன ரீட்டை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் அளவு இருந்ததால் நான்காம் துளையில் அழுக்கு காரணம் இல்லை என்பது எண்ணிலேயே தெரிந்தது. பிளேட்டைத் திரும்பக் கழற்றி, கறை போன இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தோம். ரிவெட்டை ஒட்டி ரீட்டின் அகலத்தில் பாதிவரை ஓடும் மெல்லிய கோடு. விரிசலேதான்.

விரிசல் விட்ட ரீட்டின் நுனியைக் கொஞ்சம் சுரண்டிக் கனத்தைக் குறைத்தால் சுதி ஏறும். இதைப் பலர் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். நுனியில் சுரண்டினாலும் அடியில் விரிசல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். சில வாசிப்புகளில் திரும்பவும் இறங்கும், அப்போது சுரண்ட நுனியும் மெலிந்திருக்கும். நல்ல ரீட்டின் சுதியை நுட்பமாகச் சரிசெய்ய மட்டுமே சுரண்டல் பொருந்தும்: ஏற்ற வேண்டுமானால் நுனியில், இறக்க வேண்டுமானால் ரிவெட் பக்கம்.

திருகாணி வைத்த மாடல்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே ரீட் பிளேட் ஜோடிகளைத் தனியாக விற்கிறார்கள். அது எளிய வழி. நண்பரிடம் அதே மாடலில், அதே சுதியில், கோம்ப் உடைந்த பழைய கருவி ஒன்று இருந்ததால், அதிலிருந்து நான்காம் துளையின் இழுக்கும் ரீட்டை எடுத்து மாற்ற முடிவு செய்தோம். ரிவெட்டை வெளியே தட்டி எடுத்து, பள்ளத்துக்கு நடுவே ரீட்டை நிறுத்தி, மிகச் சிறிய திருகாணியால் பிணைக்கும் வேலை இது. கைப்பழக்கம் இல்லாதவர் முதல் முயற்சியை நல்ல கருவியில் செய்யக் கூடாது. அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துத்தான் மாற்றினோம். புது இடத்தில் ரீட் 7 சென்ட் மேலே நின்றது. ரிவெட் பக்கம் லேசாகச் சுரண்டி ஒன்றாம், எட்டாம் துளைகளோடு சேர்த்தார். நுனியின் இடைவெளியை ஏறத்தாழ ரீட்டின் தடிமன் அளவுக்கு வைத்து, நண்பரின் பலமான மூச்சுக்குத் தோதாகக் கொஞ்சம் கூட்டினார்.

இதே முறை பொருந்தாத கருவிகள்

மேலே சொன்ன கழுவல் பிளாஸ்டிக் கோம்ப், திருகாணி கொண்ட பத்துத் துளைக் கருவிக்கு மட்டும். 1896 முதல் வரும் ஹோனர் மரைன் பேண்டின் மூல மாடலில் பேரிக்காய் மரக் கோம்ப், பிளேட்டுகள் ஆணியால் அறையப்பட்டவை. அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பி, பல்லைப் போல வெளியே துருத்தி உதட்டைக் கிழிக்கும். காயும்போது சுருங்கிக் கசியும். பிளேட்டைக் கழற்றினால் ஆணியைத் திரும்ப ஒழுங்காக அறைவதும் சுலபமில்லை. அதற்கு உலர்ந்த பிரஷும் ஈரத்தைத் தட்டி உதிர்ப்பதும்தான் ஏற்றது. பொத்தானை அழுத்தி அரைச் சுரங்களையும் வாசிக்கும் குரோமாட்டிக் கருவியில் ரீட் பள்ளங்களின் மேல் மெல்லிய வால்வுப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். நனைத்தால் அவை சுருண்டுவிடும் அல்லது கழன்று வரும். அதில் வாய்ப்பட்டையையும் பொத்தானோடு நகரும் தகட்டையும் மட்டும் கழற்றிக் கழுவலாம். பொத்தான் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அந்தத் தகட்டில் காய்ந்த எச்சில்தான் காரணம். டிரெமோலோ வகை மவுத் ஆர்கனில் ஒரே சுரத்துக்குச் சற்றே சுதி மாறிய இரண்டு ரீட்கள். அந்த அலையடிப்பு ஒலியே அவற்றின் வேறுபாட்டில் இருப்பதால், ஒன்றில் படிவு சேர்ந்தால் அலையின் வேகம்தான் மாறித் தெரியும்.

துருப்பிடிக்காத எஃகு ரீட் கொண்ட கருவிகளும் உண்டு. ஜெர்மனியின் சைடல் நிறுவனம் அப்படிச் செய்கிறது. களிம்புத் தொல்லை அவற்றின் ரீட்களில் இல்லை, களைப்பையும் கூடுதலாகத் தாங்கும். நூலும் எச்சிலும் அவற்றுக்கும் பொதுதான்.

பிறகு

நண்பரிடம் சில பழக்கங்களை மட்டும் மாற்றச் சொன்னேன். சாப்பிட்டதும், இனிப்பான பானம் குடித்ததும் வாசிக்க வேண்டாம், வாய் கொப்பளித்துவிட்டு வாசிக்கலாம். முடித்ததும் தட்டி ஈரத்தை எடுத்து, திறந்த இடத்தில் காயவிட்டு, அப்புறம் பெட்டிக்குள். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் களிம்புக்கும் பூஞ்சைக்கும் வழி. காற்றுக் கருவிக்குள் பூஞ்சை சேர்வதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேக்பைப் வாசித்த ஒருவருக்குக் கருவிக்குள் வளர்ந்த பூஞ்சையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் கடுமையான நுரையீரல் அழற்சி வந்ததை 2016-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருவி வேறுதான், ஆனால் மவுத் ஆர்கனில் நாம் ஊதுவது மட்டுமில்லை, இழுக்கவும் செய்கிறோம். இன்னொருவருக்கு வாசிக்கக் கொடுக்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

பெண்ட் பற்றியும் பேசினோம். பலமாக இழுப்பதால் பெண்ட் வருவதில்லை, நாக்கையும் வாயின் உள்வடிவையும் மாற்றுவதால்தான் வருகிறது. மூச்சைக் குறைத்து அதே பெண்டை எடுக்கப் பழகினால் ரீட்டின் ஆயுள் கூடும். அவர் இதைத்தான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்கிறார், ஆனால் பழகிக்கொண்டிருக்கிறார்.

சில மாதம் கழித்துத் திரும்ப அளந்தபோது நான்காம் துளையின் டி வைத்த இடத்திலேயே நின்றது. ஆறாம் துளையிலும் மாற்றமில்லை. ஐந்தாம் துளை ஊதும்போது அடைப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது, குளிர்ந்த நேரத்தில் சூடேற்றாமல் எடுத்தால் மட்டும் வருகிறது. ஐந்தாம் துளையின் இழுக்கும் ரீட், அதாவது எஃப், ஒன்பதாம் துளையின் எஃபைவிட 4 சென்ட் கீழே காட்டுகிறது. முதல் அளவில் அந்த இடைவெளி 1 சென்ட்தான். தாளில் தேதியோடு குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த அளவில் இன்னும் இறங்கியிருந்தால் அந்தப் பிளேட்டைக் கழற்றி ரிவெட் பக்கம் பார்ப்போம், அதுவரை அந்த ரீட்டில் கை வைப்பதாக இல்லை.